பாவத்துக்கு ஒரே தராசு வேண்டும்: எங்கள் சேகரத் தலைவரான குருவானவருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேகரத் தலைவர் ஐயா அவர்களுக்கும் சேகர கமிட்டி அங்கத்தினர்களுக்கும் கிறிஸ்துவுக்குள் ஸ்தோத்திரம்.

என் தங்கையின் மகள் நம் சபையைச் சேராத ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதும், பெற்றவள் என்ற முறையில் என் தங்கை அங்கே போய் நின்றதும், அதன்பேரில், அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்திலிருந்து அவளை விலக்கக் கமிட்டி எடுத்த தீர்மானமும் தங்களுக்குத் தெரிந்தவையே. ஆகையால் கடந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

தன்னைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள் என்பது என் தங்கைக்கு அன்றைக்கும் தெரியாது. வெள்ளைச் சேலை உடுத்தி, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு, மற்றப் பெண்களோடு போய் முழங்காற்படியிட்டாள். வலது கையை இடது கையின்மேல் வைத்து நீட்டினாள். இருபத்தைந்து வருடங்களாகப் பீடி சுற்றி, தூள் கறை ஏறிப்போன விரல்கள் அவை. ஐயா, அவளுக்கு முன்னால் இருந்தவருக்கு அப்பம் கொடுத்தீர்கள், அடுத்து இருந்தவருக்கும் கொடுத்தீர்கள். பாத்திரம் ஏந்தி வந்தவரும் அவளைக் கடந்து போனார். அதற்குப் பிறகும் அவள் கையை இறக்கவில்லை. வரிசை எழுந்தபோதுதான் எழுந்தாள். வீட்டுக்கு வந்து, "அண்ணே, என்னைய ஐயரு பாக்கலையோ?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

சபைக்கு ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனித்துப் போய்ப் பேசு, கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்குப் பின்பே சபைக்குச் சொல் என்று மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் படி வைத்திருக்கிறார். நம் முன்னோர் கையாண்ட, இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டுப் பொது ஜெப நூலும், ஒருவரைத் திருவிருந்திலிருந்து விலக்குமுன் குருவானவர் அவரை அழைத்துப் பேச வேண்டும், விலக்கினால் 14 நாட்களுக்குள் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. என் தங்கை வீட்டு வாசற்படியைக் கமிட்டியார் ஒருவரும் மிதிக்கவில்லை.

பாவ அறிக்கையை ஞாயிறுதோறும் சேர்ந்து சொல்லுகிறோமே, அந்தப் பழைய ஜெபத்தில் செய்யத் தகாததைச் செய்தோம் என்பது பின்னால்தான் வருகிறது. செய்யத்தக்கதைச் செய்யாமல் விட்டோம் என்பதே முன்னால் நிற்கிறது. புருஷனை இழந்த ஒருத்தியின் வீட்டில் இப்படியொரு காரியம் நடந்திருக்கும்போது, அவளோடு உட்கார்ந்து ஒரு வார்த்தை ஜெபம்பண்ண ஆளில்லாமற்போனதை இந்த இரண்டில் எதில் சேர்ப்பது என்று தாங்களே சொல்லுங்கள்.

பரிசுத்த ஜீவியம் என்று பிரசங்கபீடத்திலிருந்து நாங்கள் கேட்பதெல்லாம் பெண்பிள்ளைகளின் உடுப்பும் நகையும் சினிமாவுமாகவே இருக்கிறது. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம், கர்த்தர் பரிசுத்தராயிருப்பதால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள் என்று தொடங்கி எங்கே போகிறது? வயலின் ஓரத்தை ஏழைக்கு விட்டுவை, கூலிக்காரனின் கூலியை விடியுமட்டும் வைத்திராதே, சரியான தராசும் சரியான படிக்கல்லும் வைத்திரு என்று போகிறது. என் தங்கை இலையும் தூளும் வாங்குகிற பீடிக்கடையில் எடை குறைகிறது என்பதும், குறைந்த இலைக்குச் சுற்ற முடியாத பீடியின் விலை அவள் கூலியில் கழிகிறது என்பதும், அவள் சுற்றிய நல்ல பீடிக்கட்டுகளைக்கூட மட்டமென்று ஒதுக்கிப் போடுகிறார்கள் என்பதும் ஊரறிந்த செய்தி. அந்தக் கடையை நடத்துகிறவர் காணிக்கைத் தட்டு ஏந்துகிறார். அன்றைக்கு அவள் பக்கத்து வரிசையில் திருவிருந்தும் வாங்கினார். அவரையும் விலக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. மனந்திரும்பிய சகேயு என்னும் வரி வசூலிப்பவன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். அந்த வேதபாடத்தை அந்தக் கடைக்காரர் காதில் விழும்படி ஒருமுறையாவது பிரசங்கியுங்கள் என்றே கேட்கிறேன். எல்லாரும் பாவஞ்செய்தோம் என்பது வேதம். அதில் பீடி சுற்றுகிறவளுக்கு ஒரு தராசு, பீடிக்கடைக்காரருக்கு ஒரு தராசு என்று இல்லை.

நம் திருநெல்வேலிச் சபை எப்படித் தொடங்கியது என்று தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிராமண விதவையான குளோரிந்தா அம்மாள் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு மணமுடிக்காமல் வாழ்ந்த காலத்தில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தது உண்மைதான். ஆனால் வாசலை அடைத்துவிட்டுப் போகவில்லை; அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரே வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதிய 40 பேர் கொண்ட சபைப் பதிவேட்டின் முதல் பெயர் அந்த அம்மாளுடையது. பாளையங்கோட்டையில் 1785-இல் அவர் கட்டிய ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று இன்றும் சொல்லுகிறோம். அப்படிப்பட்ட ஒரு பெண்ணின் பெயரில் தொடங்கிய சபையில், மகளின் கலியாணத்துக்குப் போன தாய்க்கு இடமில்லை என்று எந்த முகத்தோடு சொல்லுவோம்?

மனவருத்தத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டும். நான் கேட்பது இவ்வளவே: அடுத்த முதல் ஞாயிற்றுக்கு முன்பாகத் தாங்களும் கமிட்டியாரில் இருவரும் என் தங்கை வீட்டுக்கு வந்து அவளோடு பேச வேண்டும், பேசியபின் அவளைத் தாங்களே திருவிருந்துக்கு அழைக்க வேண்டும், பாவம் எது என்று தீர்ப்புச் சொல்லும்போது எல்லாருக்கும் ஒரே தராசைப் பிடிக்க வேண்டும். பகலில் பீடிக்கடைக்குப் போய்விடுவாள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எந்த நாள் வந்தாலும் வீட்டில் இருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் சேகரத்துச் சபை அங்கத்தினன்