எஸ்.பி.எஃப் ஒரே வரிதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சொந்த டொமைனிலிருந்து அனுப்பும் பில்லும் ரசீதும் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போனால், பலர் உடனே சர்வரையே மாற்றிவிடுகிறார்கள். அந்தச் செலவு வேண்டாம், முதலில் டொமைனின் பதிவுகள் இருக்கும் டி.என்.எஸ். பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அடிக்கடி நேரும் தவறு, புதிதாக ஒரு பில்லிங் சேவையைச் சேர்க்கும்போது இரண்டாவது எஸ்.பி.எஃப் வரி (டொமைன் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் பதிவு) எழுதுவது. ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. பழைய வரியிலேயே, கடைசியில் வரும் 'ஆல்' பகுதிக்கு முன்னால் புதிய சேவைக்கு அனுமதி தரும் 'இன்க்ளூட்' பகுதியைச் சேருங்கள். அந்த வரியைச் சரிபார்க்கத் தேவைப்படும் டி.என்.எஸ். தேடல்கள் 10ஐத் தாண்டினாலும் வரி செயலிழக்கும். இப்போது பயன்படுத்தாத பழைய சேவைகளின் 'இன்க்ளூட்'களைத் தயங்காமல் நீக்குங்கள்.

சர்வர் ஐ.பி.க்குப் பி.டி.ஆர் பதிவும் (ஐ.பி. எண்ணிலிருந்து சர்வரின் பெயரைக் காட்டுவது) வேண்டும். டொமைன் விற்றவரிடம் அதைக் கேட்டுப் பயனில்லை, ஐ.பி. தந்த நிறுவனம்தான் போட முடியும்.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அஞ்சல் அனுப்புவோருக்கு டிகிம் (அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (சோதனையில் தவறும் அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) இரண்டும் கட்டாயம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்