கொடை இல்லாத வாதைகள்

எடின்பரோ, ஸ்காட்லாந்து

அன்புள்ள பாட்டாவுக்கு,

பேத்தி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று அம்மை சொன்னாள். போனில் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, பாதியில் தம்பி பிடுங்கிக்கொள்கிறான். ஆகவே கடிதம். நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள்.

வேலை பழகிவிட்டது. முதியோர் வார்டு, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். குளிர்காலத்தில் இருட்டோடு போய் இருட்டோடு திரும்புகிறோம். மரச்சீனிக் கிழங்கு ஆப்பிரிக்கக் கடையில் கிடைக்கிறது, மேலே மெழுகு பூசி வைத்திருக்கிறார்கள். மீன் தலையில்லாமல்தான் வரும். இதற்கு மேல் சமையலைப் பற்றி எழுதினால் அம்மை அழுவாள்.

உங்களுக்கென்று ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் திருவல்லாக்காரி ஒருத்தி, விடுமுறை நாளில் பேய் பார்க்கப் போகலாம் என்று கூப்பிட்டாள். ஊர் நடுவே கிரேஃபிரையர்ஸ் என்று ஒரு பழைய மயானம், 1560களில் தொடங்கியது. இரண்டு பக்கமும் நாலைந்து மாடி வீடுகள், நடுவில் இருட்டு முடுக்குகள். அவற்றைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். பகலில் யாரும் போகலாம். இரவில் டிக்கெட் வாங்கினால், வழிகாட்டி ஒருவர் கதை சொல்லிக்கொண்டே கூட்டிப்போவார். அவருக்கு நல்ல குரல். ஆனால் நம் வில்லுப்பாட்டில் போலப் பக்கத்தில் குடமும் இல்லை, உடுக்கையும் இல்லை, ஆமாம் போட ஒரு ஆளும் இல்லை. நீங்கள் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பீர்கள்.

கதை இது. அரசர் தங்கள் சபை வழிபாட்டில் கை வைக்கக்கூடாது என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் 1638-ல் இந்த மயானத்துத் தேவாலயத்தில் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கட்சிக்காரர்கள் 1679 ஜூனில் பாத்வெல் பாலத்தருகே நடந்த சண்டையில் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் நூற்றுக்கணக்கானவர்களை இந்த மயானத்தை ஒட்டிய வெளியில் அடைத்தார்கள். கூரை கிடையாது. நவம்பர் வரை அப்படியே வைத்திருந்தார்கள். நவம்பர் குளிர் எப்படி என்று இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். செத்தவர்கள் செத்தார்கள், அரசருக்கு அடங்கி எழுதிக் கொடுத்தவர்கள் வெளியே போனார்கள். மிஞ்சிய இருநூற்றைம்பது பேர் வரை அமெரிக்கத் தோட்டங்களுக்கு அனுப்பக் கப்பலில் ஏற்றப்பட்டார்கள். டிசம்பரில் ஆர்க்னி தீவுப் பக்கம் கப்பல் உடைந்தது. கீழ்த்தளத்தில் பூட்டி வைத்திருந்ததால் ஏறத்தாழ 200 பேர் அங்கேயே மூழ்கிப்போனார்கள்.

இப்போது சொல்லுங்கள் பாட்டா, இந்த மயானத்தில் அநியாயமாகச் செத்த ஆவியாக, வாதையாக அலைய வேண்டியது யார்? அலைவது அந்தக் கைதிகள் இல்லையாம். அவர்கள் மேல் வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர் சர் ஜார்ஜ் மெக்கன்சிதானாம்! பெரிய படிப்பாளி. இங்கே வக்கீல்களுக்காக 1689-ல் ஒரு நூலகத்தையே திறந்து வைத்தவர். 1691-ல் செத்ததும், அந்தக் கைதிகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உருண்டைக் கூரை போட்ட கல்லறையில் வைத்தார்கள். 'ரத்த மெக்கன்சி' என்று பட்டப்பெயர். தைரியம் இருந்தால் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வா என்று கதவருகே போய்க் கத்திவிட்டு ஓடுவது அந்தக் காலத்துப் பிள்ளைகளின் விளையாட்டு.

1990களின் கடைசியில், மழைக்கு ஒதுங்க இடமில்லாத ஒருவன் அந்தக் கல்லறைக்குள் புகுந்தானாம். அதிலிருந்து அங்கே போகிறவர்களுக்கு மயக்கம், கையில் கீறல், காயம் என்கிறார்கள். நகராட்சி அந்தப் பகுதியின் கதவைப் பூட்டிவிட்டது. இப்போது வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். எனக்கு ஒரு கீறலும் விழவில்லை. மணிக்கணக்காக நின்று வேலை செய்துவிட்டு, சாப்பிடாமல் இருட்டில் போய் நின்றால் யாருக்கும்தான் தலை சுற்றும். திருவல்லாக்காரி மட்டும் கழுத்துச் சிலுவையை விடவில்லை. பேய்களை அடக்கிய கேரளப் பாதிரியார் கடமற்றத்துக் கத்தனார் இருந்திருந்தால் ஆணி அடித்து முடித்திருப்பார் என்றாள். கள்ளியங்காட்டு நீலிப் பேய் எங்கள் ஊர்க்காரி, அவளை அடக்கியதாக நீங்கள் பெருமை பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பேயைவிட என்னை உலுக்கியது சில கல்லறைகள் மேல் இருக்கும் இரும்புக் கூண்டுகள். கோழிக்கூட்டைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கின்றன. மருத்துவப் பள்ளிகளுக்கு அறுத்துப் படிக்கப் பிணம் வேண்டியிருந்ததால், புதைத்த அன்றே தோண்டி எடுத்து விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் கூண்டு. 1828-ல் பர்க், ஹேர் என்ற இருவர் தோண்டுகிற சிரமம் எதற்கு என்று 16 பேரைக் கொன்றே விற்றார்கள். பர்க்கைத் தூக்கில் போட்டு அவன் உடலையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு இன்றும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1832-ல் சட்டம் வந்த பிறகுதான் இந்தத் தொழில் ஓய்ந்தது. நாங்கள் நர்சிங் படிக்கும்போது கையில் எடுத்துப் பார்த்த எலும்பு யாருடையது என்று அன்று யோசித்ததே இல்லை. இன்னொன்று, நெய்யூர் ஆஸ்பத்திரியில் 1860களில் இருந்த டாக்டர் ஜான் லோ பிற்காலத்தில் மிஷன் மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது இந்த மயானத்துக்குக் கீழே போகும் கவ்கேட் தெருவில்தான்.

வாசலுக்கு வெளியே ஒரு நாய்க்குச் சிலை இருக்கிறது. பாபி என்று பெயர். எசமானர் 1858-ல் செத்த பிறகு, 1872-ல் தானும் சாகும்வரை கல்லறையை விட்டு நகரவில்லையாம். வருகிறவர்கள் மூக்கைத் தடவித் தடவி, அது மட்டும் பளபளக்கிறது. மயானத்துக்குள் அதற்குத் தனியாகக் கல்லும் உண்டு, அதன்முன் குச்சிகளைக் காணிக்கை போல வைக்கிறார்கள். கைதிகளுக்கும் பொதுவாக ஒரு நினைவுக்கல் உண்டு. அங்கே யாரும் ஒன்றும் வைத்துப் பார்க்கவில்லை.

நம் பக்கம் என்றால் முதலில் அவர்களுக்குத்தான் பீடம் எழும்பியிருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு கொல்லப்பட்டவளை இசக்கியம்மனாக்கி, முப்பந்தலில் லாரிக்காரர்கள்கூட இறங்கிக் கும்பிட்டுப் போகிறார்கள். மார்த்தாண்ட வர்மா மகாராஜா கொன்ற, முந்தைய ராஜாவின் மகன்களான தம்பிமாரின் கதையை, அவர் ஆண்ட மண்ணிலேயே வில்லடித்துப் பாடுகிறோம். கொன்றவருக்கு யாரும் வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பதில்லை. இங்கே டிக்கெட் விற்பது கொன்றவர் பெயரில். பேய்க்குப் பயப்படத் தெரிகிறது, கொடை என்று கோயில் விழா எடுத்து அதைச் சமாதானம் செய்யத் தெரியவில்லை. திருவல்லாக்காரியிடம் இதைச் சொன்னபோது, நீ போய் ஒரு கொடை நடத்து என்று சிரித்தாள்.

கொடைக்கான தலைக்கட்டு வரியை அப்பாவின் கணக்கில் போட்டிருக்கிறேன். குடம் அடிக்க ஆள் கிடைக்கவில்லை என்று தம்பி சொன்னான். அதற்காக நீங்கள் போய் உட்கார்ந்துவிட வேண்டாம், முதுகு தாங்காது. தம்பிமார் கதையில் உங்களுக்கு நினைவிருக்கும் மட்டும் பாடி, அவன் போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். திருவல்லாக்காரிக்கும் கேட்க வேண்டுமாம். பிரஷர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பேத்தி