பாவனைப் பயிற்சியில் குழுச் செயல்பாட்டுக்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2019-இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறன்சார் பாடத்திட்டம் வந்தபின் மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவச் செயல்முறைகளைப் பழகும் கூடமான ஸ்கில் லேப் கட்டாயமாயிற்று. பி.எஸ்சி. நர்சிங் படிப்பின் திருத்திய பாடத்திட்டமும், நிஜம்போன்ற சூழலை அமைத்துப் பழகும் பாவனைப் பயிற்சிக்கென (சிமுலேஷன்) நேரம் ஒதுக்கியிருக்கிறது. நோயாளிக்குத் தீங்கு நேராமல் மாணவர்கள் பழகிக்கொள்ள வழி பிறந்திருப்பது பெரும் நன்மை. ஆனால் ஊசி போடுதல், குழாய் செருகுதல் என ஒவ்வொருவரின் கைத்திறனையும் அளக்கும் நாம், மாணவர்கள் குழுவாக நின்று வேலையைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு உரிய கவனம் தருவதில்லை என்பது செவிலியர் கல்வியில் இருக்கும் என் கவலை.

இதயம் நின்றுபோன நோயாளியாக மனித உருவப் பொம்மையான மேனிக்கினைக் கிடத்தி நடத்தும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த வேண்டும். அழுத்துபவர் சோர்ந்தால் ஆழம் குறைவது அவருக்கே தெரியாது என்பதால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். இதயத்தைத் தூண்டும் மருந்தான அட்ரினலின் 3 முதல் 5 நிமிட இடைவெளியில் தரப்பட வேண்டும். முதல்முறை சேரும் குழுவில் இருவர் நெஞ்சருகே பாய்வார்கள், நேரத்தைக் குறிக்க ஆளிருக்காது. “யாராவது அட்ரினலின் கொடுங்கள்” என்ற குரலுக்கு ஒருவரும் அசையமாட்டார்கள், அல்லது இருவர் மருந்தை எடுப்பார்கள். நன்றாகப் படிக்கும் மாணவரே தலைமையையும் ஏற்று நெஞ்சையும் அழுத்தத் தொடங்கிவிட்டால், முழு நிலைமையையும் பார்ப்பதற்கு எவருமில்லை.

அதே குழுவுக்கு அதே சூழலை மறுபடி கொடுத்தால், பெரும்பாலும் ஆசிரியர் சொல்லாமலேயே அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு உருவாகிறது: தலைவர் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்கிறார், பெயர் சொல்லி வேலை தருகிறார், மருந்து செலுத்தியவர் அதை உரக்கச் சொல்ல, இன்னொருவர் நேரத்துடன் எழுதிக்கொள்கிறார். இந்த மாற்றத்தைக் காண்பதைவிட எனக்கு நிறைவளிப்பது வேறில்லை. கூச்ச சுபாவமுள்ள மாணவியிடமே எப்போதும் குறிப்பேடு போய்ச் சேர்வதை மட்டும் ஆசிரியர் தலையிட்டு மாற்ற வேண்டும்.

விமானத்துறை குழுச் செயல்பாட்டின் அவசியத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977-இல் ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடுபாதையில் மற்ற விமானம் இன்னும் நிற்கிறதோ என்று விமானப் பொறியாளர் எழுப்பிய ஐயம் மூத்த விமானியிடம் எடுபடவில்லை. அதன்பின் விமானக் குழுவினருக்கென உருவான கூட்டுப் பயிற்சியை, ஸ்டான்ஃபோர்டின் மயக்க மருந்து நிபுணர் டேவிட் கபா அறுவை அரங்கப் பாவனைக்குக் கொண்டுவந்தார். நம் வார்டுகளிலும் மூத்தவரிடம் “சார், அளவு சரிதானா?” என்று கேட்கத் தயங்கும் பயிற்சி மருத்துவர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்க ஸ்கில் லேபைவிடப் பாதுகாப்பான இடமில்லை.

ஆகவே, செய்முறைத் தேர்வில் குழுச் செயல்பாட்டுக்கும் ஒரு பகுதி மதிப்பெண் ஒதுக்கப் பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும். பயிற்சிக்குப் பிந்தைய கலந்துரையாடலை, அடுத்த அணி வாசலில் காத்திருக்கிறது என்பதற்காகச் சுருக்கக் கூடாது. பயிற்சி நீடித்த நேரமாவது அதற்குத் தரப்பட்டு, முதலில் மாணவர்களே பேசியபின் ஆசிரியர் பேசுவது நல்லது. ஒரே சூழலை ஒரே குழு இருமுறை, பொறுப்புகளை மாற்றிச் செய்யும்படி கால அட்டவணை அமைப்பதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
செவிலியர் கல்லூரி ஆசிரியை,
திருச்சி