ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை: இனித் தண்ணீர் எடுக்கும் முறையும் சேர்த்து

ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், தலைக்கட்டு வரி கொடுத்த எல்லா வீட்டாருக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து பணம் அனுப்பிய நம் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

பிள்ளையார் கோயில் ஊருணித் திருப்பணி முடிந்துவிட்டது. கோயில் வேலையை முதலில் சொல்லிவிடுகிறோம். முன்மண்டபத்துக்குத் தளம் போட்டாயிற்று, ஒழுகிய கூரையை ஓடு மாற்றிச் சரி செய்தாயிற்று, அய்யனார் குதிரைகளுக்கு வண்ணம் தீட்டியாயிற்று. வரவு செலவு முழுவதையும் ரசீது எண்ணோடு எழுதி மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வெளியூரில் இருப்பவர்களுக்கு அதன் படம் வந்து சேர்ந்திருக்கும். இந்த அறிக்கை பெரும்பாலும் ஊருணியைப் பற்றியதுதான். காரணம், கட்டுமானம் முடிந்தாலும் ஊருணி வேலை முடியவில்லை. அதன் மறுபாதி இனி நம் எல்லார் வீட்டிலும் நடக்க வேண்டும்.

நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் துணி துவைக்க உதவும், பருப்பு வேகாது. குடிக்கவும் சமைக்கவும் மழைத் தண்ணீரை ஊருணியில் பிடித்து வைத்துப் பிழைத்த ஊர்கள் இவை. குழாயும் கேன் தண்ணீரும் வந்த பிறகு ஊருணியை நாம் மறந்தோம். சீமைக்கருவேலம் கரை முழுக்க ஏறியது, மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வரத்துக்கால் மேடாகிப் போனது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுக்கச் சராசரியைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. அந்தக் கோடையில் குடத்தோடு எங்கெல்லாம் அலைந்தோம் என்று நம் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தத் திருப்பணிக்கான பேச்சு முதலில் அவர்களிடமிருந்துதான் வந்தது.

வேலையில் அதிக நேரம் பிடித்தது தூர் வாருவதல்ல, வரத்துக்கால்தான். புல வரைபடத்தை வைத்து அளந்ததில் கால்வாய் போன தடத்தில் சில இடங்களில் வேலி இருந்தது, ஓரிடத்தில் மாட்டுக்கொட்டகை இருந்தது. சம்பந்தப்பட்ட வீட்டார் பேசிய பிறகு தாங்களாகவே எடுத்துக்கொடுத்தார்கள். அவர்களுக்கு ஊர் சார்பில் நன்றி. கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கினோம். கால்வாய் ஊருணிக்குள் நுழையும் இடத்தில் வண்டல் தங்க ஒரு தொட்டியும், குப்பையைத் தடுக்க இரும்புக் கம்பியும் வைத்திருக்கிறோம். தொட்டியை மழைக்கு முன் வருடம் ஒரு முறை வாரியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் அந்த மண் அத்தனையும் ஊருணிக்குள் போய்விடும்.

தூர் வாரும்போது, இன்னும் ஆழமாகத் தோண்டலாமே என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஊருணியின் அடியில் இருப்பது களிமண். தண்ணீரைத் தாங்கி நிற்பது அந்தக் களிதான். அதற்குக் கீழே மணல், மணலில் உவர் ஊற்று. களியை உடைத்தால் மேலே பிடித்த மழைத் தண்ணீர் கீழே இறங்கிவிடும், இல்லையென்றால் கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் மேலே வரும். இரண்டில் எது நடந்தாலும் ஊருணி போய்விடும். அதனால் வண்டல் தீர்ந்து களி தெரிந்த இடத்தில் நிறுத்தினோம். இதற்கு மேல் இந்த ஊருணியை ஆழப்படுத்த யார் வந்து கேட்டாலும் விடக் கூடாது என்பது குழுவின் உறுதியான கருத்து.

அகலப்படுத்தலாம் என்றும் சிலர் சொன்னார்கள். வெயிலை நினைத்து அதையும் வேண்டாம் என்று விட்டோம். நம் பகுதியில் திறந்த தண்ணீரிலிருந்து வருடத்துக்கு ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும். ஓர் ஆள் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட! பரப்பு கூடினால் வெயில் எடுத்துக்கொள்வதும் கூடும்.

ஆக, ஊருணி கொள்ளும் அளவு இதுதான், மாறாது. வெயிலையும் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது நாம் மொள்ளும் அளவு மட்டும்தான். கணக்கைப் பாருங்கள். நீர்ப்பரப்பு ஏறத்தாழ 50 மீட்டருக்கு 50 மீட்டர். கரைச்சரிவைக் கழித்துவிட்டால் நிறைந்த ஊருணியில் சுமார் 75 லட்சம் லிட்டர் நிற்கும். மழை முடிந்து ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை ஒன்பது மாதம் ஓட்ட வேண்டும். வெயில் எடுப்பது மட்டும் 35 லட்சம் லிட்டரைத் தாண்டும். ஒரு குடம் 15 லிட்டர். சுமார் 200 வீடுகளுக்கு வீட்டுக்கு நாலு குடம் என்றால் நாளொன்றுக்கு 12,000 லிட்டர், 270 நாளைக்கு 32 லட்சத்து 40 ஆயிரம். இரண்டையும் கழித்தால் கையில் நிற்பது ஆறேழு லட்சம். கசிவுக்கும், மழை தள்ளிப்போனால் ஓட்டவும் அதுதான் இருக்கிறது.

ஒரு லாரி டேங்கர் 12,000 லிட்டர் பிடிக்கும். அதாவது, ஒரு லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போனால் ஊரே ஒரு நாள் குடிக்கும் தண்ணீர் போயிற்று. முன்பு கட்டட வேலைக்கென்று இரவில் லாரிகள் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். இனி எந்த வேலைக்கும், எவ்வளவு பணம் கொடுத்தாலும், லாரிக்கோ மோட்டாருக்கோ இங்கே தண்ணீர் கிடையாது. கரையில் வண்டி ஏற முடியாதபடி கல் நட்டிருக்கிறோம்.

ஊருணிக்குள் இறங்கி மொள்ளும் பழக்கமும் இனி இல்லை. கரையோரம் ஒரு கிணறு கட்டி, மணலும் சரளையும் நிரப்பிய குழி வழியாக ஊருணித் தண்ணீர் கசிந்து அதற்குள் வரும்படி செய்திருக்கிறோம். கிணற்றுக்கு மேல் அடிபம்பு. காலும் செருப்பும் படாத தண்ணீர் கிடைக்கும், வயதானவர்கள் படியில் வழுக்கி விழும் பயமும் இல்லை. குளிப்பது, துவைப்பது, பாத்திரம் கழுவுவது, மாடு இறக்குவது எதுவும் ஊருணியில் கூடாது. ஆடு மாடுகளுக்கு வாய்க்கால் ஓரக் குட்டையைத் தனியே வெட்டிக் கொடுத்திருக்கிறோம். வாயில்லாச் சீவன்களை விரட்டிவிட்டு நாம் மட்டும் குடிப்பது சரியல்ல என்று ஆடு வைத்திருக்கும் வீட்டார் சொன்னது மிகவும் சரி. அதனால்தான் குட்டை வேலையை முதலில் முடித்தோம்.

படித்துறையில் மூன்று மட்டக்கற்கள் நட்டிருக்கிறோம். தண்ணீர் மேல் கல்லுக்கு மேலே இருக்கும்வரை கட்டுப்பாடு தளர்வு, தேவைக்கு எடுக்கலாம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மேல் கல்லுக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்கு நாலு குடம். நடுக்கல் தெரிந்தால் இரண்டு குடம், அதாவது ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஆறு லிட்டர். குடிக்கவும் உலை வைக்கவும் போதும், அதற்கு மேல் இல்லை. பெரிய குடும்பத்துக்கும் கைக்குழந்தை, கர்ப்பிணி, நோயாளி இருக்கும் வீட்டுக்கும் கூடுதலாக ஒரு குடம். துக்க வீட்டுக்குக் கணக்கே பார்க்கக் கூடாது. கல்யாண வீட்டார் கேன் தண்ணீர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

நேரத்தைக் காலை மட்டும் என்று முதலில் யோசித்தோம். நூறு நாள் வேலைக்கும் விறகைக் கரியாக்கும் கரிமூட்டத்துக்கும் விடியலிலேயே கிளம்பும் பெண்கள் அது தங்களுக்கு ஒத்துவராது என்றார்கள். காலையும் மாலையும் பம்புக் கதவு திறந்திருக்கும் என்று மாற்றிவிட்டோம். தண்ணீர் சுமப்பவர்களைக் கேட்காமல் தண்ணீர் விதி எழுதுவதில் அர்த்தமில்லை. கண்காணிப்புக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருப்பதும் அதனால்தான்.

இன்னொன்றைத் தெளிவாகவே எழுதுகிறோம். தெருவுக்கு ஒரு படி, இன்னார் இறங்கலாம் இன்னார் இறங்கக் கூடாது என்ற வழக்கம் இந்தப் பக்கத்து ஊருணிகளில் இருந்தது. நம் ஊருணிக்கு இனி ஒரே பம்பு, ஒரே வரிசை. முதலில் வந்தவர் முதலில் பிடிப்பார். பொதுக் கிணறு, குளம், படித்துறை எதையும் சாதியைக் காட்டி யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்வதற்காக மட்டும் இதைச் செய்யவில்லை. எல்லாத் தெருவிலும் வரி வாங்கினோம், எல்லாத் தெருக்காரர்களும் மண் சுமந்தார்கள். கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒன்று என்றால் உரிமையும் எல்லாருக்கும் ஒன்றுதான். இதில் குழுவுக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

விதியை மீறினால் தெண்டம் போடலாம் என்று கூட்டத்தில் சிலர் பலமாகவே சொன்னார்கள். குழு ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்க்குழு கூடி அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதைவிட முக்கியம், தெண்டம் கட்டாத வீட்டை என்ன செய்வது? தண்ணீரை நிறுத்துவதா? குடிதண்ணீரை மறுப்பது எந்தத் தப்புக்கும் தண்டனையாக முடியாது. அதனால் முறைக்காவல் என்று வைத்தோம். தினம் இரண்டு வீட்டார் பம்படியில் இருந்து, நோட்டில் குடக் கணக்கை எழுதுவார்கள். நோட்டு எல்லார் பார்வைக்கும் அங்கேயே இருக்கும். லாரி, மோட்டார் மாதிரி பெரிய மீறல் வந்தால் ஊராட்சிக்கும் வட்டாட்சியருக்கும் எழுதுவோம்.

குழாய்த் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. கூட்டுக் குடிநீர் ஒழுங்காக வரும் நாளில் மேட்டுத் தெருவுக்கும் அது கிடைக்க வேண்டும். கிடைக்காததற்குப் பெரிய காரணம், பள்ளத்தில் இருக்கும் வீடுகள் குழாயில் நேராக மோட்டார் மாட்டி இழுப்பது. ஒரு வீட்டில் மோட்டார் ஓடினால் மேட்டு வீட்டில் காற்றுதான் வரும். குழாய் ஊராட்சி பொறுப்பு, குழுவுக்கு அதில் அதிகாரம் இல்லை. ஆனாலும் கேட்டுக்கொள்கிறோம்: மோட்டாரைக் கழற்றிவிடுங்கள். மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறினால் ஊருணிப் பம்பில் வரிசையும் குறையும்.

சென்ற பருவமழையில் முதல் வெள்ளத்தை, மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலிங்கு வழியே வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையைப் பிடித்தோம். ஊருணி நிறைந்தது. பரிசோதனைக்குக் கொடுத்ததில் உப்பின் அளவு குடிக்கத் தகுந்த வரம்புக்குள் இருக்கிறது. கிருமி இருக்கிறது. திறந்த நீர்நிலை என்பதால் பறவையும் காற்றும் கொண்டுவருவதைத் தடுக்க முடியாது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் அளவாகப் போடுகிறோம், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சும்படி. ஆனாலும் காய்ச்சிக் குடியுங்கள். பாட்டி காலத்தில் குடத்தின் உள்ளே தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிய வைப்பார்கள். கலங்கலுக்கு அது இன்றும் நல்ல வழி. கிருமிக்கு அதை நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தண்ணீர் நன்றாகக் கொதித்திருக்க வேண்டும்.

பாக்கி வேலை இரண்டு இருக்கிறது. வடகரையில் வேலி கொஞ்ச தூரம் முடியவில்லை, அதற்கான கம்பி வந்துவிட்டது. கரை மரங்களுக்கு ஆடு கடிக்காமல் கூண்டு வைக்க வேண்டும். நாவலும் மருதமும் நட்டிருக்கிறோம். இளந்தாரிகள் ஞாயிறு காலை வந்தால் இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம்.

கீழ்க்கல்லும் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் குழு தனியாக முடிவு செய்யவில்லை. அப்போது ஊருணியை முழுக்க மூடிவிட்டு ஊராட்சியிடம் லாரித் தண்ணீர் கேட்பதா, இல்லை வீட்டுக்கு ஒரு குடம் என்று கடைசிவரை ஓட்டுவதா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மார்ச் 22 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். குடக் கணக்கு நோட்டை அன்று சபையில் வைப்போம். வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும், முடிந்தால் தண்ணீர் சுமப்பவரே வர வேண்டும்.

திருப்பணிக் குழுவினர்