பூட்டிய வீட்டுக்குள் வளரும் கொசு

ஆசிரியருக்கு வணக்கம்.

மழை விட்டதும் எங்கள் ஊரில் வழக்கம்போல் புகை மருந்து அடித்தார்கள். சாக்கடைக்குத்தான் அதிகம் அடித்தார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்ததோ வீட்டையொட்டித் தேங்கும் நல்ல தண்ணீர். கொசுப் புழுவைத் தின்னும் மீன் கிடக்கிற ஊருணியைக் குறை சொல்வதும் வீண்.

முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். ஓட்டிலிருந்து முற்றத்தில் இறங்கும் மழைநீர், அங்கே விட்டுப்போன அண்டாவிலும் தொட்டியிலும் நிற்கிறது. பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீர் வற்றினாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் பாத்திரத்தைக் கவிழ்த்தால் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும்.

காய்ச்சல்காரரைக் கடித்த பெண் கொசுவின் உடலில் வைரஸ் பெருக 8 முதல் 12 நாள் ஆகும். அப்புறம் சாகும்வரை பரப்பும். அதுவும் பகலில் கடிக்கிற கொசு. ராத்திரி வலை கட்டி என்ன பயன்? ‘எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது’ என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. டெங்கு வைரஸில் 4 வகை. இரண்டாவது முறை வேறு வகை தாக்கினால்தான் ஆபத்து கூடுதல்.

வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் உள்ளூர்ப் பங்காளி ஒருவரிடமாவது சாவியைக் கொடுத்து வைக்கட்டும். சுகாதாரப் பணியாளர் வந்தால் கதவு திறக்க ஆள் வேண்டுமே!

– ஒரு வாசகர், கானாடுகாத்தான்