காலியாகக் கிடந்த நோட்டு

நாகர்கோவில்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் முட்டுவலி பரவாயில்லை. நேற்று விடிய விடிய மழை, கிணறு பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "எனக்குக் கீழே ஒன்பது பேர் இருக்காங்கம்மா. தினமும் காலையில கேட்கிறேன், எல்லாம் சரியாப் போகுதுன்னுதான் சொல்றாங்க. கடைசி நாள்லதான் குண்டைத் தூக்கிப் போடுறாங்க." கோபத்தைவிட அலுப்புதான் குரலில் அதிகம் தெரிந்தது. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாமா என்று பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் முடிகிற சங்கதி இல்லை.

தலைமை பற்றி உங்கள் கம்பெனிப் பயிற்சியில் காட்டிய, நீ அனுப்பிய ஸ்லைடுகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்குப் பழைய சரக்கு. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங்கில் நிர்வாகப் பாடம் என்று ஒன்று உண்டு, அதில் இதையெல்லாம் உருப்போட்டுத்தான் பாஸானேன். தலைவர்கள் பிறக்கிறார்கள் என்று ஒரு கட்சி. அதற்கான குணங்களைத் தேடித் தேடிப் பட்டியல் போட்டார்கள். 1948-இல் ஸ்டாக்டில் என்பவர் அதுவரை வந்த ஆராய்ச்சிகளைப் புரட்டிப் பார்த்து, குணங்களை மட்டும் வைத்து ஒருவர் எல்லா இடத்திலும் தலைவராக நிற்பார் என்று சொல்ல முடியாது என்றார். இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. ஆபரேஷன் தியேட்டரில் ராஜாவாக இருக்கும் டாக்டர் ஒருவர், கான்டீன் கமிட்டியில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

அப்புறம் ஹெர்சி, பிளான்சார்ட் என்று இரண்டு பேர், 1969. புதிதாக வந்தவருக்கு 'இப்படிச் செய்' என்று சொல்லு, கொஞ்சம் பழகியவருக்கு ஏன் என்று விளக்கு, இன்னும் தேறியவரோடு கலந்து பேசு, முழுக்கத் தேறியவரிடம் விட்டுவிடு. பயிற்சி வகுப்புகளில் இதற்கு இருக்கும் மவுசு ஆராய்ச்சியாளர்களிடம் இல்லை. சோதித்துப் பார்த்தபோது புதியவர்களைப் பற்றிய பகுதிதான் ஓரளவு தேறியது. ஆனாலும் சிஸ்டராக நான் நடத்திய வார்டில் அது கைகொடுத்தது. முதல் வாரம் ஊசி போட வரும் பிள்ளையிடம் "உனக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டால் அவள் அழுதுவிடுவாள். இருபது வருடம் சர்வீஸ் போட்டவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் அவர் மறுநாள் லீவு போட்டுவிடுவார். இதயம் நின்றுபோன நோயாளி முன்னால் யாரிடமும் கருத்துக் கேட்க முடியாது, அங்கே அதட்டத்தான் வேண்டும்.

நான் கோட்டை விட்டது வேறு இடத்தில். அதுவும் அதே பாடத்தில் இருந்ததுதான்.

1930-களின் கடைசியில் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரும் லிப்பிட், வைட் என்ற அவருடைய சகாக்களும் பத்து வயதுப் பையன்களைக் குழு குழுவாகச் சேர்த்து முகமூடி மாதிரிச் சின்னச் சின்னக் கைவேலைகள் கொடுத்தார்கள். ஒரு குழுவில் பெரியவர் ஒவ்வொரு படியாக ஆணையிடுவார். இன்னொன்றில் பையன்களோடு கலந்து பேசி முடிவெடுப்பார். மூன்றாவதில் ஒரேயடியாக விட்டுவிடுவார். ஆணையிட்ட குழுவில் அவர் அறையில் இருக்கும்வரை வேலை நன்றாகவே நடந்தது. அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசிய குழுவில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை எழுதி மார்க் வாங்கிய நான், நான் லீவு போட்டால் வார்டு தள்ளாடுகிறது என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "நீங்க இல்லாட்டி ஒண்ணும் ஓடாது சிஸ்டர்" என்று ஆயா சொல்லும்போது உள்ளுக்குள் குளிரும்.

இன்னொரு பெருமையும் இருந்தது. வார்டில் ஏதாவது தவறு நடந்தால் எழுதிவைக்க நீள நோட்டு ஒன்று உண்டு, இன்சிடென்ட் ரிஜிஸ்டர். 1998-இல் என் வார்டு நோட்டில் ஒரு வரிகூட இல்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர்களிடம் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவேன்.

அந்த வருடக் கடைசியில் ஒரு ராத்திரி. சர்க்கரை நோயாளி ஒருவருக்கு வீட்டுக்காரர்கள் வெளியிலிருந்து இன்சுலின் வாங்கிவந்து கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பி, சிரிஞ்சும் அதற்கானது. அவர்கள் கொண்டுவந்தது மில்லிக்கு 100 யூனிட் குப்பி. நைட் டியூட்டிப் பெண் வழக்கமான சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டாள். அரை மில்லி. உள்ளே போனது 50 யூனிட். இரண்டரை மடங்கு. மூன்று மணிக்கு அவருக்கு உடம்பெல்லாம் நனைந்து நினைவு தப்பியிருக்கிறது. டியூட்டி டாக்டர் குளுக்கோஸ் ஏற்றி, ஆள் பிழைத்துக்கொண்டார். கேஸ் ஷீட்டில் வியர்வை, மயக்கம், குளுக்கோஸ் கொடுக்கப்பட்டது. அவ்வளவுதான். குப்பியைப் பற்றிப் பேச்சில்லை.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வார்டில் அதே மாதிரிக் குப்பி, அதே சிரிஞ்சு, அதே தவறு. அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. அந்த நோயாளியும் தப்பினார். எங்கள் பெண் மருந்து அறைக்குள் கூட்டிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு முன்னமே தெரியும் சிஸ்டர். சொல்லப் பயமா இருந்துச்சு."

ஏன் பயம் என்று நான் கேட்கவில்லை. முந்தின மாதம் பி.பி. பார்க்கும் கருவியைக் கீழே போட்டு உடைத்த ஒரு டிரெய்னியை, நாற்பது நோயாளிகள் பார்க்க நான் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். அன்றைக்கு இவளும் டிரே பிடித்துக்கொண்டு அங்கே நின்றவள்தான்.

நீ அனுப்பியதில் 'உளவியல் பாதுகாப்பு' என்று ஒரு ஸ்லைடு இருந்ததே, தவறைப் பயமில்லாமல் சொல்ல முடிகிற சூழல் என்று, அந்தப் பெயர் எனக்குப் புதிது. தேடிப் படித்தேன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர் இரண்டு மருத்துவமனைகளில் எட்டுப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளைக் கணக்கெடுத்து, 1996-இல் வெளியிட்டிருக்கிறார். நல்ல தலைமை உள்ள பிரிவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், கணக்கில் அங்கேதான் அதிகம் வந்ததாம். முதலில் குழம்பியிருக்கிறார். பிறகுதான், அங்கே தவறுகளை மறைக்காமல் சொல்கிறார்கள், அதனால்தான் கணக்கில் ஏறுகின்றன என்று புரிந்திருக்கிறது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் வெள்ளை நோட்டை அந்த அம்மா பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்!

நீ "எல்லாம் சரியா?" என்றுதானே கேட்கிறாய்? அதற்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் வராது மக்கா. நான் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு காலை டியூட்டி மாறும்போது, "ராத்திரி எது உறுத்திச்சு?" என்று கேட்க ஆரம்பித்தேன். இரண்டு வாரம் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அதுவரை நான் என்ன செய்துவைத்திருந்தேன் என்று அவர்களுக்குத் தெரியுமே. கடைசியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு பெட் மாற்றி டிரிப் போட்ட கதையைச் சொன்னேன். மறுநாள் ஒரு டிரெய்னி, "9-ஆம் பெட்டுக்கு மருந்து ஒரு மணி நேரம் பிந்திப் போச்சு சிஸ்டர்" என்றாள். எனக்குச் சுருக்கென்று ஏறியது. மற்றவர்கள் அவளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, "சொன்னியே, நல்லது. ஏன் பிந்திச்சுன்னு பார்ப்போம்" என்றேன். பார்த்தால், அந்த நேரத்துக்கு மூன்று வேலையை நான்தான் அவள் தலையில் கட்டியிருந்தேன்.

ஆறு மாதத்தில் நோட்டு பாதி நிறைந்துவிட்டது. மேட்ரன் கூப்பிட்டு, "உன் வார்டுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவருக்குப் புரியவைக்க ஒரு வருடம் ஆனது. உனக்கும் மேலே அப்படி ஒருத்தர் இருப்பார், அவருக்குச் சொல்லும் பதிலை இப்போதே யோசித்துவைத்துக்கொள்.

அந்த இன்சுலின் பெண் யார் என்று கேட்பாய். உன் கல்யாணத்தில் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு, பந்தியில் உன் இலையில் இரண்டு தடவை பாயசம் ஊற்றினாளே, அவள்தான்.

மாங்காய் ஊறுகாய் நாளைக்குப் பார்சல் போடுகிறேன். எண்ணெய் கசியும், பிரித்ததும் ஜாடிக்கு மாற்று.

அன்புடன்,
அம்மா