துக்கம் விசாரிக்க வருவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 10, உலகத் தற்கொலைத் தடுப்பு நாளையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தடுப்புக்கான வழிகளைப் பொறுப்புடன் எடுத்துரைத்த அக்கட்டுரையில், தடுக்க முடியாமற்போன வீடுகளில் எஞ்சியிருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் இவ்வாறு இறந்துள்ளனர். அவர்களின் பெற்றோரும் துணைவரும் பிள்ளைகளும் என்ன ஆனார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

மகனை இழந்த தகப்பன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய சாவு நேர்ந்த வீட்டுக்குள் துக்கத்துக்கு முன்பே விசாரணை நுழைந்துவிடுகிறது. காவல்துறையைச் சொல்லவில்லை, அது சட்டப்படியான கடமை. பிணவறை வாசலில் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்த தலைமைக் காவலர், கேட்க வேண்டியவற்றைக் குரல் தாழ்த்தித்தான் கேட்டார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கேட்டவைதாம் இன்றும் உறுத்துகின்றன. “கடிதம் எதுவும் எழுதி வைத்தானா?”, “வீட்டில் ஏதாவது சண்டையா?”, “பெற்றவளுக்குக்கூடவா தெரியாமல் போயிற்று?” தன்னைத்தானே இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கடைசிக் கேள்வியை என் மனைவி பிறர் வாயிலும் கேட்க நேர்ந்தது. ஒற்றைக் காரணத்தால் எவரும் இந்த முடிவுக்குப் போவதில்லை என்று மனநல மருத்துவர் ஒருவர் பொறுமையாக விளக்கிய பிறகே அவள் ஓரளவு தூங்கத் தொடங்கினாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பின் வந்துபோனவர்களோ, அவன் பெயரை உச்சரிக்காமல் பேசப் பழகிக்கொண்டார்கள்.

எங்களுக்கு ஆறுதல் தந்தவன் எங்கள் மகனோடு கிரிக்கெட் ஆடிய பையன். திண்ணையில் உட்கார்ந்து, மகன் அடித்த பந்து பால் சொசைட்டியின் கூரை ஓட்டை உடைத்ததையும், இருவரும் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்ததையும் சொன்னான். என் மனைவி சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள். மகன் செத்த விதத்தை விட்டுவிட்டு வாழ்ந்த விதத்தைப் பற்றி எங்களிடம் பேசிய முதல் ஆள் அந்தப் பையன்தான்.

இப்போது சுற்றுவட்டாரத்தில் இப்படியொரு சாவு நேர்ந்தால், உறவினர் கலைந்த பின் நாங்கள் இருவரும் போகிறோம். பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று அலைவதில், அஞ்சலகத்தில் படிவங்களோடு காலம் தள்ளிய நான் துணை நிற்கிறேன்; என் மனைவி அந்தத் தாயின் அருகில் அமர்ந்து, பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பாள். எங்கள் இழப்பு இதனால் குறைந்ததாகச் சொல்லமாட்டேன். ஆனால் காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொள்ள ஒரு வேலை இருக்கிறது. 1972-இல் தந்தையை இவ்வாறு இழந்து, பல்லாண்டுகள் வெளியில் பேசாதிருந்த அமெரிக்க செனட்டர் ஹாரி ரீட்தான் 1999-இல் அங்கே இக்குடும்பங்களுக்கென ஒரு நாளை ஏற்படுத்தும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

இங்கே நாள்கூட வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் ஒருவர், காரியம் முடிந்த சில வாரங்களில் அவ்வீட்டுக்குச் சென்றுவர அரசு ஏற்பாடு செய்யலாம். தாங்களும், தற்கொலைச் செய்திகளின் கீழ் அச்சிடும் உதவி எண்களுடன் (104, டெலி மானஸ் 14416, சினேகா 044-24640050), “உறவை இழந்தவர்களும் அழைத்துப் பேசலாம்” என்ற ஒரு வரியைச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.